இழப்பீட்டுப் பேரேடு

காய்க்கும் கோகோ மரம் ஒன்றுக்கு ஐந்து ஷில்லிங்.
காய்க்காததற்கு இரண்டு.
கோலா மரமென்றால் தண்டைக் கட்டிப்பிடித்துப் பார்ப்போம்,
விரல்கள் தொட்டுக்கொண்டால் நான்கு, தொடாவிட்டால் ஏழு.
எல்லாவற்றுக்கும் என் பேரேட்டில் பத்தி இருந்தது.
சிவப்பு மையில் நானே கோடிழுத்தவை.

ஹார்மட்டான் அடிக்கும் மாதம் அது,
சகாராவின் மாவு எங்கள் உதட்டில்.
ட்ரெஸ்காட் துரை முக்காலிக் கருவியில் கண் வைத்திருப்பார்.
சங்கிலியின் மறுமுனையில் ஒக்குன்,
பாம்பைப் பிடித்தவன்போல அதை
உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி.
அறுபத்தாறு அடி. ஒரு முளைக்குச்சி.
அறுபத்தாறு அடி. இன்னொன்று.

பல்கலைக்கழகம் என்றால் என்ன என்று கேட்டார்கள்.
யொரூபாவில் அதற்கு என்னிடம் சொல் இல்லை.
பெரிய பள்ளிக்கூடம் என்றேன்.
எவ்வளவு பெரியது?
ஒக்குன் சங்கிலியை ஆட்டிக் காட்டினான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
மழைக்காலத்தில் மஞ்சள் இயந்திரங்கள் வரும்வரை
அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது.

எனக்கு மட்டும் தெரியும் அது என்னவென்று.
லண்டன் மெட்ரிகுலேஷனை இரண்டு முறை எழுதியவன் நான்.
இரண்டு முறையும் லத்தீன் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது.
வயல் என்ற சொல்லின் ஆறு வேற்றுமைகளையும்
இன்றும் தூக்கத்தில் ஒப்பிப்பேன்.
ஏழாவது, இடத்தைச் சொல்வது,
அந்த மொழியில் எப்போதோ தேய்ந்துபோய்விட்டதாம்.

அவேரோவின் தோட்டம்:
நாற்பத்தொரு கோகோ, ஒன்பது கோலா, மூன்று எண்ணெய்ப்பனை.
எண்ணி முடித்ததும் வீட்டுக்குள் வரச் சொன்னாள்.
உள்ளறை இருட்டில், உரலுக்குப் பக்கத்தில்,
மெழுகிய தரையைக் குதிகாலால் ஒருமுறை தட்டினாள்.
"இங்கே அப்பா. எழுது."

பேரேட்டைப் புரட்டினேன்.
கோகோ. கோலா. பனை. வாழை. சுவர். கூரை.
வெளியே போய்த் துரையைக் கேட்டேன்.
இடுகாடு என்றால் பாதிரியின் சான்று வேண்டும் என்றார்,
வீடு என்றால் ஓலையா தகரமா?

தகரம் என்று எழுதினேன்.

பேனா நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எழுதிவிட்டாயா அப்பாவை?"
"எழுதிவிட்டேன்."
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.
பதினேழு பவுண்ட் நாலு ஷில்லிங்.
பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்,
பிறகு அதே விரலைத் தரையில் துடைத்தாள்.

கட்டடம் எழும்பவில்லை இன்னும்.
முதல் மாணவர்களைப் போர்க்கால ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தங்கவைத்தார்கள்.
கட்டில்களில் வார்டு எண் அழியவில்லை.
கணக்கு படிக்க வந்த பையன்கள்
காசநோய்ப் பகுதி என்ற பலகையின்கீழ் பல் துலக்கினார்கள்.
அவர்களுக்கு அக்கரா சுட்டு விற்றாள் அவேரோ,
இலையில் ஆறு, ஒரு பென்னிக்கு.
நானும் போய் நிற்பேன் சில காலைகளில்,
வாங்குவதற்கு மட்டுமல்ல.
ஜன்னல் வழியே லத்தீன் கேட்கும்.

அடிக்கல் நாட்டு விழா.
பந்தல், பித்தளை வாத்தியம், இறகு வைத்த தொப்பிகள்.
பகல் பதினொரு மணி வெயிலில் கறுப்பு அங்கிகள்.
குழிக்குள் ஓர் ஈயப் பேழையை இறக்கினார்கள்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம், தலையில் கூடையோடு, அவேரோ.
"எதைப் புதைக்கிறார்கள்?"

மன்னரின் தலை பொறித்த நாணயங்கள் என்றேன்.
இன்றைய செய்தித்தாள் என்றேன்.
பெயர்ப்பட்டியல் ஒன்று.

கல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்படியானால் இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது" என்றாள்
கோபமில்லாமல், ஏறக்குறைய நிம்மதியாக.
கூடையை ஒரு கையால் நேராக்கிக்கொண்டு
என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பட்டியல், நீ அன்றைக்கு எழுதினாயே,
அதுதானே?"

அந்த நேரம் பார்த்துப் பித்தளை வாத்தியம் முழங்கியது.
நான் வாயை மட்டும் அசைத்தேன்.